வாசகர் கேள்வி பதில்: நம் புறநகரில் நல்ல யப்பானிய உணவகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்ற இதழில், ரொறன்ரோப் புறநகர்களான ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அந்நிய நாட்டுச் சாப்பாட்டைத் தேடிப் போவோர் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை யப்பானியச் சாப்பாட்டைப் பற்றியவை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: மார்க்கம் வீதியிலிருந்து கென்னடி வீதி வரை காரில் போனால் ஏழெட்டுச் சுஷிப் பலகைகள் கண்ணில் படுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே பட்டியல், ஒரே படங்கள், ஒரே சுவை. உண்மையான யப்பானியச் சாப்பாடு வேண்டுமென்றால் நகர நடுவுக்குத்தான் போக வேண்டுமா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: போகத் தேவையில்லை. ஆனால் கொஞ்சம் தேட வேண்டும். தேட வேண்டியிருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. சீனருக்கு ஸ்படைனா, கிரேக்கருக்கு டான்ஃபோர்த், இந்தியருக்கு ஜெராட் வீதி என்று ரொறன்ரோவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கடைத்தெரு உருவாகியது. யப்பானியருக்கு அப்படி எதுவும் உருவாகவில்லை. இரண்டாம் உலகப் போரில் யப்பான் எதிரியாக இருந்த 1942 இல், பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியரை அரசு வீடுவாசலிலிருந்து பெயர்த்து உள்நாட்டுக்கு அனுப்பியது; பலரை முகாம்களில் அடைத்தது. அவர்களுடைய வீடுகளையும் நிலங்களையும் மீன்பிடிப் படகுகளையும் விற்றுத் தள்ளியது. போர் முடியும் தறுவாயில், ஒன்றில் றொக்கி மலைக்குக் கிழக்கே போய்க் குடியேறுங்கள், இல்லையேல் யப்பானுக்குப் போங்கள் என்றது. கரையோரத்துக்குத் திரும்ப 1949 ஏப்ரல் வரையில் அனுமதி கிடைக்கவில்லை. அப்படி ஒன்ராறியோவுக்கு வந்தவர்கள் ஓரிடத்தில் கூடிக் குடியிருக்கக் கூடாது, சிதறித்தான் வாழ வேண்டும் என்பது அக்கால அரசின் விருப்பமாகவும், பட்ட அடியால் அவர்களுடைய எச்சரிக்கையாகவும் ஆகிவிட்டது. நகர அலுவல்களுக்கும் கலை விழாவுக்கும் நாம் போய்வருகின்ற ஸ்காபரோ நகர மண்டபத்தை, 1973 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை, வரைந்த ரேமண்ட் மொரியாமா சிறுவனாக அத்தகைய முகாமொன்றில் இருந்தவர்தான்.

சிதறிய சமூகத்தின் சாப்பாட்டுக் கடைகளும் சிதறித்தான் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றும் வழி எளிமையானது. பலகையைப் பார்க்காமல், யப்பானியர் நாள்தோறும் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எங்கே மளிகை வாங்குகிறார்கள், பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று பார்ப்பேன். இந்த வகையில் நம் பகுதி வாசகர்கள் அதிர்ஷ்டசாலிகள். ரொயோட்டா கனடாவின் தலைமையகம் ஸ்காபரோவில் இருக்கிறது; ஹொண்டா கனடாவின் தலைமையகம் மார்க்கத்தில் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுப் பணிக்காக ஊரிலிருந்து அனுப்பப்பட்டு வருகிறவர்களுக்கு மதியத்தில் ஊர்ச் சாப்பாடு வேண்டும். அவர்களை ஏமாற்றி ஒரு கடை நீண்டநாள் ஓட முடியாது.

முதலில் போக வேண்டிய இடம் மார்க்கத்தில் ஸ்ரீல்ஸ் அவெனியுவில், 404 நெடுஞ்சாலைக்கு அருகில் இருக்கும் ஜே டவுன் வளாகம். மார்க்கம் வீதிச் சந்தியிலிருந்து, பசிபிக் மோலையும் தாண்டி, அதே ஸ்ரீல்ஸ் வழியே நேரே மேற்கே போனால் வந்துவிடும். காரில்லாதவர்களுக்கு 53 ஆம் எண் பேருந்து இருக்கிறது. பெயரைக் கேட்டு ஒரு பெரிய ஊரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் வாகனத் தரிப்பிடத்தோடு கூடிய சாதாரணக் கடைவரிசை. உள்ளே ஒரு யப்பானிய மளிகை, வெதுப்பகம், சாப்பாட்டுக் கடைகள். மளிகைக் கடையின் குளிர்பெட்டியில் கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோற்றுருண்டைகள் இருக்கும். ஒனிகிரி என்பது அதன் பெயர். பாசித்தாள் சோற்றில் பட்டு நமுத்துப் போகாதபடி இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் வைத்திருப்பார்கள். உறையில் 1, 2, 3 என்று எண் இட்டிருக்கும். அந்த ஒழுங்கில் இழுத்தால் தாள் உருவிக்கொண்டு வர, பாசி மொறுமொறுப்பாகச் சோற்றைச் சுற்றிக்கொள்ளும். ஒழுங்கு தப்பினால் பாசி கிழிந்து கையோடு வரும். நான் முதல் மூன்று முறையும் கிழித்தேன்.

வெளியே வரும்போது வாசலில் இலவச யப்பானிய மொழி இதழ்கள் இருந்தால் ஒன்றை எடுத்து வாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விளம்பரங்களில் முகவரி ஆங்கிலத்தில் இருக்கும். யப்பானிய மொழியில் யப்பானியருக்கு விளம்பரம் செய்யும் புறநகர்க் கடை, பெரும்பாலும் நீங்கள் தேடுகின்ற கடைதான். டொன் மில்ஸ் பக்கத்தில் காரமண்ட் கோர்ட்டில் இருக்கும் யப்பானியக் கனடியப் பண்பாட்டு மையத்தின் விழாக்களுக்கும் ஒருமுறை போய்வரலாம். புத்தாண்டை ஒட்டி அங்கே ஆவியில் வெந்த பசையரிசியை மர உரலில் இட்டு இருவர் மாறி மாறிக் குத்தி மோச்சி செய்வார்கள்; உரலும் உலக்கையும் கண்டு வளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்கள் அதை வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்கும் குடும்பத்திடம் நீங்கள் எங்கே சாப்பிடப் போவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் செயலியும் தராத விடை அங்கே கிடைக்கும்.

சுஷிக்கே போக வேண்டுமென்றால், ஸ்காபரோவில் எக்லின்டன் வீதியில் இருந்து பின்னர் மார்க்கத்தின் உட்பைன் அவெனியுவுக்கு மாறிய ஜென் என்ற கடையைச் சொல்வேன். அது சிறப்பு நாளுக்கான கடை. பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை மாலையில் எட்டிப் பார்க்கும் இடமன்று.

கேள்வி: கடைக்குள் போய் உட்கார்ந்தபின் அது நல்ல கடையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, மார்க்கம்

பதில்: பட்டியலை எடையிட்டுப் பாருங்கள். சுஷி, ராமென், தெரியாக்கி, பாட் தாய், கொரிய எலும்பு இறைச்சி, ஜெனரல் தாவோ கோழி எல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தால் அது யப்பானியக் கடையன்று, பசித்தவருக்கான கடை. யப்பானில் ஒரு தொழிலுக்கு ஒரு கடை என்பது வழக்கம். உடோன் என்ற தடித்த கோதுமை நூடில்ஸ் இடுபவர் அதையும், விலாங்கு சுடுபவர் விலாங்கையும், பன்றி இறைச்சியைத் தூளில் பிரட்டிப் பொரிப்பவர் அதையும் செய்வார்கள். புறநகரில் அவ்வளவு கட்டுப்பாடு கட்டுப்படியாகாது என்பதால், பட்டியல் நான்கு பக்கத்துக்குள் அடங்கினாலே எனக்குப் போதும்.

முதல் முறை போகும்போது மதியத்தில் போங்கள். தெய்ஷொகு என்ற மதியத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தட்டில் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், ஒரு மீனோ இறைச்சியோ, ஓரத்தில் சிறு ஊறுகாய். நம்முடைய மதியச் சாப்பாட்டைப் போலவே இதிலும் ஏமாற்ற இடமில்லை. முதலில் சோற்றைப் பாருங்கள். பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்து, மினுமினுத்து, குச்சியால் எடுத்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வர வேண்டும். சுஷி என்றால் மீனைவிடச் சோறுதான் சமையற்காரரைக் காட்டிக் கொடுக்கும். கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்த சுஷிக்கு நிகிரி என்று பெயர். நல்ல நிகிரியின் சோறு ஏறத்தாழ உடம்புச் சூட்டில் இருக்கும். கையில் எடுக்கும்போது உதிராது, வாயில் போட்டதும் உதிரும். குளிர்பெட்டியிலிருந்து வந்த சோறு கல்லுப்போல இறுகி, பல்லில் மாவாக அரைபடும். அதற்கு மேலே எந்த மீனை வைத்தாலும் பயனில்லை.

கடைக்காரர் யப்பானியரா என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அளவுகோலாக வைப்பதில்லை. ஸ்காபரோவில் நல்ல கொத்துரொட்டி போடுகிறவர்கள் எல்லாரும் மட்டக்களப்பில் பிறந்தவர்கள் அல்லர். கற்றுக்கொண்ட இடமும், சோற்றுக்குக் கொடுக்கும் மரியாதையும்தான் பேச்சு.

கேள்வி: ஒரு தொகை கட்டிவிட்டு விரும்பிய அளவு சுஷி சாப்பிடும் கடைகளை நீங்கள் ஏளனம் செய்வதாக என் மகன் சொல்கிறான். அங்கே போவது தவறா? அந்தப் பச்சை மீனை நம்பலாமா?
— வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: ஏளனம் செய்யவில்லை. எட்டுப் பேர் கொண்ட குடும்பம், அதில் நாலு பேர் பதின்ம வயதினர் என்றால் நானும் அங்கேதான் போவேன். அங்கே நீங்கள் சாப்பிடுவது இந்நகரப் புறநகர்களுக்கே உரிய ஒரு கொண்டாட்டம். அதை யப்பானியச் சாப்பாட்டின் எல்லை என்று நினைத்துவிடாமல் இருந்தால் சரி. வயிறு சீக்கிரம் நிறைய வேண்டும் என்பதற்காகச் சோற்றை அதிகமாகவும் மீனை மெல்லியதாகவும் வைப்பார்கள். அது வஞ்சகமன்று, கணக்கு.

மீனைப் பொறுத்தவரை, சுஷித் தரம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு வரையறை கிடையாது. உண்மையான பாதுகாப்பு உறைய வைப்பதில் இருக்கிறது. ஒட்டுண்ணிப் புழுக்களைக் கொல்ல, பச்சையாகப் பரிமாறும் மீனைச் சுழியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசில் 7 நாட்களோ, அல்லது 35 பாகையில் உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரமோ வைத்திருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க உணவு விதிகள். சூரை இனத்துப் பெருமீன்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே, இன்று காலை கடலிலிருந்து வந்த மீன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம். உறைந்து வந்த மீன் என்பது இங்கே குறையன்று.

ஒரு சுவையான செய்தியையும் மகனிடம் சொல்லுங்கள். அவன் தட்டுத்தட்டாகச் சாப்பிடும் பச்சைச் சாமன், பழைய யப்பானிய வழக்கமே அன்று. பசிபிக் சாமனில் புழு இருக்கும் என்பதால் அவர்கள் அதை உப்பிட்டோ சுட்டோதான் சாப்பிட்டு வந்தார்கள். தம் பண்ணைகளில் வளர்ந்த சாமனை விற்க வேண்டிய நோர்வேக்காரர், 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் பாடுபட்டு அதை யப்பானியரின் சுஷிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கேள்வி: என் மாமியார் சைவம். ஊரிலிருந்து வந்திருக்கிறார். பிள்ளைகள் யப்பானியக் கடைக்குப் போக வேண்டுமென்று அடம்பிடிக்கிறார்கள். அவரையும் கூட்டிப் போகலாமா? மரக்கறி உடோன், தோஃபு என்றெல்லாம் பட்டியலில் இருக்கிறதே?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒருமுறை இதில் பிழை விட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் சினேகிதியின் தாயாரை ஓர் உடோன் கடைக்குக் கூட்டிப் போனோம். வெள்ளவத்தையில் வளர்ந்தவர், பிறந்ததிலிருந்து சைவம். பரிமாறிய பெண்ணிடம் இரண்டு முறை கேட்டேன். இறைச்சி இல்லை, மீன் இல்லை, மரக்கறி மட்டும்தான் என்றார். கிண்ணம் வந்தது. அம்மா குனிந்து ஆவியை ஒரு தரம் முகர்ந்தார். கரண்டியை மேசையில் வைத்தார். “இது மாசி அவிச்ச தண்ணியெல்லோ, பிள்ளை” என்றார். அயல்வீட்டில் மாசிச் சம்பல் இடிக்கும் மணத்தைச் சிறுவயது முழுவதும் நுகர்ந்தவருடைய மூக்கு பொய் சொல்லவில்லை.

யப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற தெளிந்த கொதிநீர்ச் சாறு. கொம்பு என்ற தடித்த கடற்பாசியையும் கத்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவலையும் வெந்நீரில் இட்டு வடிப்பது அது. கத்சுவோபுஷி செய்யும் மீன் சூரையின் ஒரு வகை. மாலைதீவிலும் மினிக்கோயிலும் மாசி செய்வதும் அதே மீனில்தான். அங்கேயும் இங்கேயும் மீனை அவித்து, முள் நீக்கி, புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை காய வைக்கிறார்கள். யப்பானியர் மேல்தரத்துக்கு அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தையும் வளர விட்டு, பின் இழைப்புளியால் மரம் சீவுவதுபோல் மெல்லிய சுருளாகச் சீவுகிறார்கள். நாம் உரலில் இடித்துத் தூளாக்குகிறோம். சுவை ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. 1908 இல் தோக்கியோப் பேராசிரியர் கிக்குனாயே இகெடா கொம்புச் சாற்றிலிருந்து குளுற்றமேற்றைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கத்சுவோபுஷியின் சுவைக்குக் காரணமான பொருளை அவருடைய மாணவர் கொடாமா 1913 இல் கண்டுபிடித்தார்.

இந்தச் சாறு ஒரு யப்பானியச் சமையற்காரருக்கு மீனாகவே தோன்றுவதில்லை. நமக்குப் பெருங்காயம் தனி மரக்கறியாகத் தோன்றாததுபோல. ஆகவே ‘மீன் இருக்கிறதா’ என்று கேட்டால் மனமறிந்து பொய் சொல்லாமலேயே இல்லை என்பார்கள். ‘தாஷி எதில் செய்தது, கத்சுவோவா கொம்பா’ என்று கேளுங்கள். சில கடைகளில் நிபோஷி என்று நெத்தலிக் கருவாடு போன்ற சிறுமீனும் போடுவார்கள். கேள்வியிலேயே அச்சொற்கள் வந்தால், பரிமாறுபவர் சமையலறைக்குள் போய்க் கேட்டு வந்து சொல்வார்.

எவற்றில் தாஷி இருக்கும் என்று கேட்டால், மிசோ சூப்பில் இருக்கும், உடோன், சோபா என்ற நூடில்ஸ் இரண்டின் சாற்றிலும் இருக்கும், பொரித்த தோஃபுவைச் சாற்றில் மிதக்க விடும் அகெதாஷியில் பெயரிலேயே இருக்கிறது. மாக் கரைசலில் தோய்த்துப் பொரித்த மரக்கறித் தெம்புராவைத் தொட்டுக்கொள்ளத் தரும் சாற்றிலும் இருக்கும். அதற்குப் பதிலாக உப்புக் கேட்கலாம், ஆனால் கரைசலில் முட்டை சேர்ந்திருக்கலாம், இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கலாம். குளிர்ந்த தோஃபுவின்மேல் மீன் சீவலைத் தூவித் தருவார்கள். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்ல சாப்பாடு. இனிப்புத் தோஃபு உறைக்குள் சோறு அடைத்த இனாரியைப் பலர் சைவம் என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த உறையைப் பெரும்பாலும் தாஷியில்தான் வற்ற விடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடக்கூடியவை மாக்கி என்ற பாசித்தாளில் சுருட்டிய சோற்றில் வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாக்கி, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் வைத்த மாக்கி, உப்பிட்ட பிளம்ஸ் காயும் ஷிசோ இலையும் வைத்த மாக்கி, எடமாமே என்ற அவித்த பச்சைச் சோயா அவரை, வெறும் சோறு. அந்தப் பிளம்ஸ் மாக்கியை மாமியாருக்குச் சொல்லுங்கள். எலுமிச்சங்காய் ஊறுகாயோடு தயிர்ச்சோறு சாப்பிடுகிறவர்களுக்கு அது உடனே பிடிக்கும். கத்தரிக்காயைப் பிளந்து மிசோ தடவிச் சுடும் நாசு தெங்காக்குவும் அருமையானது. அந்த மிசோக் கலவையில் தாஷி சேர்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பௌத்த மடங்களில் கொம்பும் உலர்ந்த ஷியிதாக்கே காளானும் கொண்டு செய்யும் முழுச் சைவச் சமையல் ஒன்று உண்டு, ஷோஜின் ரியோரி என்று பெயர். ஆனால் அதை நம் கடைவரிசைகளில் தேட வேண்டாம்.

அந்த உடோன் கடையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அம்மா கோபிக்கவில்லை. எங்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, வெறுஞ்சோறு ஒரு கிண்ணமும் ஊறுகாயும் வாங்கிச் சாப்பிட்டார். சோறு நல்லாய் அவிஞ்சிருக்கு என்றார். அதுவே அந்தக் கடைக்கு அன்று கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்று நினைக்கிறேன்.

கேள்வி: நாங்கள் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை, கோழி, மீன் சாப்பிடுவோம். ராமென் கடைக்குப் போகலாமா?
— வாசகர், பிக்கரிங்

பதில்: கவனமாகப் போகலாம். ராமென் என்பது சாற்றில் இட்ட நூடில்ஸ். தொன்கொத்சு என்பது பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்துப் பால்போல் வெளுத்த சாறு. புறநகர் ராமென் கடைகளில் பெரும்பாலானவற்றின் அடிச்சாறு அதுதான். மேலே வைக்கும் துண்டை எடுத்துவிட்டாலும் சாறு மாறாது. ஷோயு என்ற சோயா சோஸ், மிசோ என்பவை சேர்க்கப்படும் சுவைக்கான பெயர்கள். அடிச்சாறு என்னவென்று அவை சொல்லமாட்டா. தோரி பைத்தான் என்று எழுதியிருந்தால் கோழி எலும்புச் சாறு. ஆனாலும் நறுமண எண்ணெயில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். மது விலக்கியவர்கள் மிரின், சாக்கே இரண்டும் சமையலில் சேரும் மதுவகைகள் என்பதை அறிந்திருப்பது நல்லது.

கேள்வி: கைபேசியில் 4.8 நட்சத்திரம் உள்ள கடை ஏமாற்றிவிட்டது. பிறகு எதை நம்புவது?
— வாசகி, மார்க்கம்

பதில்: நட்சத்திரத்தை விட்டுவிட்டு முறைப்பாடுகளைப் படியுங்கள். அளவு சிறியது, பட்டியலில் அதிகம் இல்லை, மாயோனைஸ் சோஸ் தரமாட்டேன் என்றார்கள், ஏழரை மணிக்கே இன்றைக்கு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள் என்று இரண்டு நட்சத்திரம் இட்டிருந்தால், அந்தக் கடைக்கு நான் மறுநாளே போவேன். பின்னர் வாடிக்கையாளர் எடுத்த படங்களில் மதியத் தட்டைத் தேடுங்கள். இடையிடையே யப்பானிய எழுத்தில் கருத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மொழிபெயர்ப்புப் பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது. கீழே புகை வரும் பனிக்கட்டி, மேலே தீப்பிழம்பு, பக்கத்தில் பூ என்று படங்கள் இருந்தால் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சுஷி ஆசையாக இருக்கிறது.
— வாசகி, ஸ்காபரோ

பதில்: பச்சை மீனைத் தவிர்க்குமாறு கனடியச் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளுக்கு அறிவுறுத்துகிறது, குழந்தை பிறக்கும்வரை அதைத் தள்ளி வையுங்கள். சூடாகச் சுட்ட விலாங்குச் சோறு, கோழியும் நன்றாக வெந்த முட்டையும் சோற்றின்மேல் இட்ட ஒயாக்கோதொன், உடோன் ஆகியவை எல்லாம் யப்பானியச் சாப்பாடுதான். ஐயமிருந்தால் உங்கள் மருத்துவச்சியைக் கேளுங்கள், என்னையன்று.

கேள்வி: மேசையில் செய்யக் கூடாதவை ஏதும் உண்டா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள்; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். எரித்தபின் எலும்பு எடுக்கும் சடங்கு அது. சுஷியைக் கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம் என்பது நமக்கு நல்ல செய்தி. சோறு உதிராமல் இருக்க, மீன் பக்கத்தைத்தான் சோயாவில் தொட வேண்டும். மற்றவற்றை யாரும் பெரிதாகக் கவனிக்கமாட்டார்கள். உடோனை உறிஞ்சும் ஓசையைக் கேட்டுப் பிள்ளைகளை அதட்ட வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் மார்க்கத்துக்காரருக்கு. விற்பியில் இருக்கும் நாங்கள் ஒரு கிண்ண மிசோவுக்காக 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் செலவழிக்க முடியுமா?
— வாசகர், விற்பி

பதில்: முடியாது. எப்படியும் மாதம் ஒருமுறை கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ இந்தப் பக்கம் வருவீர்கள் அல்லவா? அன்று ஜே டவுன் மளிகையில் ஒரு கட்டுக் கொம்பு, ஒரு பெட்டி வெள்ளை மிசோ, சிறுமணி அரிசி ஒரு பை வாங்கிப் போங்கள். மிசோப் பெட்டியில் தாஷி சேர்த்தது என்று எழுதியிருந்தால், சைவ வீட்டுக்கு அது வேண்டாம்.

இரவு படுக்கப் போகும்போது ஒரு லீற்றர் குளிர்நீரில் பத்துக் கிராம் அளவு கொம்பைப் போட்டுவிடுங்கள். அதன்மேல் வெண்பொடி படிந்திருக்கும்; அழுக்கென்று கழுவிவிடாதீர்கள், சுவையின் ஒரு பகுதி அதில் இருக்கிறது. காலையில் மெல்லிய சூட்டில் ஏற்றி, கொதி வருவதற்குச் சற்று முன் கொம்பை வெளியே எடுங்கள்; கொதிக்க விட்டால் வழுவழுப்பும் கசப்பும் வந்துவிடும். தோஃபு, வெங்காயத்தாள், கையில் கிடைத்த கீரை எதையாவது போட்டு, அடுப்பை அணைத்தபின் மிசோவை ஒரு கரண்டியில் கரைத்து விடுங்கள். வீட்டில் எல்லாரும் மீன் சாப்பிடுவார்கள் என்றால், அலுமாரியில் இருக்கும் மாசியில் இரண்டு துண்டைச் சீவி, கொம்பை எடுத்தபின் அந்தச் சூட்டில் ஒரு நிமிடம் வைத்து வடித்துப் பாருங்கள். மாசி கொஞ்சம் உப்பும் புகையும் கூடியது. ஆகவே மிசோவைக் குறைக்க வேண்டும். நான் பலமுறை செய்திருக்கிறேன், பழுதில்லை.

எடுத்த கொம்பை வீசிவிடாதீர்கள். மெல்லிய நாராக அரிந்து, சோயாவும் சீனியும் கொஞ்சம் விட்டு, சிறு தீயில் ஈரம் வற்றும்வரை கிளறி, எள்ளுத் தூவி ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வாரத்துக்கு வரும்.